தெருவுக்கு அடியில் ஓடும் வெந்நீர்: டென்மார்க் தன் எரிசக்தியை மாற்றிய கதை

[காட்சி: கறுப்பு வெள்ளைப் படம். கார் இல்லாத அகலமான சாலை. நடந்துபோகும் குடும்பங்கள், சைக்கிள்கள்.]

1973 நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. டென்மார்க்கின் சாலைகளில் கார்களைக் காணோம். ஜனங்கள் நடு ரோட்டில் நடந்து போகிறார்கள். பார்த்தால் திருவிழா மாதிரி இருக்கும். ஆனால் இது அரசு போட்ட தடை. அரபு நாடுகள் எண்ணெய் தருவதைக் குறைத்துவிட்டன, விலை எகிறிவிட்டது. அன்றைக்கு டென்மார்க் செலவழித்த எரிசக்தியில் 90 சதவீதத்துக்கு மேல் எண்ணெய். அதுவும் இறக்குமதி எண்ணெய். காருக்கு மட்டுமல்ல, மின்சாரத்துக்கும் அதுதான், குளிரில் வீட்டைச் சூடாக்கவும் அதுதான்.

அந்த நாடு இன்று தன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து எடுக்கிறது. டென்மார்க் என்றதும் எல்லோரும் காற்றாலைப் படத்தைத்தான் போடுவார்கள். நான் முதலில் வேறொன்றைக் காட்டுகிறேன்.

[காட்சி: தோண்டிய தெரு. பள்ளத்தில் அருகருகே இரண்டு கறுப்புக் குழாய்கள்.]

நம் ஊர்ப் பழைய சமையலறைகளில் கொடி அடுப்பு இருக்கும். பெரிய அடுப்பில் விறகு எரியும், சோறு வேகும். அந்த அனல் ஒரு துளை வழியாகப் பக்கத்து அடுப்புக்கும் போகும். அங்கே தனியாக விறகு வைக்க வேண்டாம், வெந்நீர் சும்மா காய்ந்துகொண்டிருக்கும்.

அனல் மின் நிலையமும் ஒரு பெரிய அடுப்புதான். நிலக்கரியின் வெப்பத்தில் 100 பங்கு என்றால், சுமார் 40 பங்குதான் மின்சாரமாகும். மீதி 60 பங்கும் வெப்பமாகவே கடலுக்கோ காற்றுக்கோ போய்விடும். டென்மார்க் அந்த மிச்சச் சூட்டைத் தண்ணீரில் பிடித்து ஊருக்குள் அனுப்பியது. ஒரு நாடே கொடி அடுப்புக்கு மாறியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயைக் கிட்டத்தில் பாருங்கள். உள்ளே இரும்பு, அதைச் சுற்றித் தடித்த நுரைப் பஞ்சு, வெளியே பிளாஸ்டிக் உறை. ஒரு குழாயில் 70, 80 டிகிரி வெந்நீர் வரும். வீட்டில் ஒரு சின்ன அலமாரி அளவுக்கு ஒரு பெட்டி, அதில் ஒரு மீட்டர். அந்தப் பெட்டி சூட்டை வாங்கி வீட்டுக்குக் கொடுத்துவிடும். சூடு இறங்கிய தண்ணீர் இன்னொரு குழாயில் திரும்பிப் போய்விடும். வீட்டில் எதையும் எரிக்க வேண்டாம், புகையும் கிடையாது.

இது தானாக நடந்துவிடவில்லை. 1979-இல் வெப்ப வழங்கல் சட்டம் வந்தது. எந்தப் பகுதிக்குப் பொதுக் குழாய், எந்தப் பகுதிக்கு எரிவாயு என்று ஒவ்வொரு ஊராட்சியும் வரைபடம் போட்டுத் திட்டமிட வேண்டியிருந்தது. அதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு: வெந்நீர் விற்பதில் லாபம் பார்க்கக்கூடாது, ஆகிற செலவை மட்டுமே வசூலிக்கலாம். பல ஊர்களில் அந்த நிறுவனமே வாடிக்கையாளர்களின் கூட்டுறவுச் சங்கம்தான். ஜனங்கள் நம்பி இணைப்பு வாங்கியதற்கு இந்த விதி பெரிய காரணம் என்று நினைக்கிறேன். இன்று சுமார் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் இந்தக் குழாய்ச் சூடுதான். கூடவே, சுவரிலும் ஜன்னலிலும் சூடு கசியாதபடி கட்டட விதிகளையும் இறுக்கினார்கள்.

[காட்சி: பழைய காற்றாலை, பள்ளிக்கூடம், விளக்கு.]

சரி, இப்போது காற்றுக்கு வருவோம். ஆஸ்கோவ் என்ற ஊரில் போல் ல கூர் என்று ஒரு ஆசிரியர். 1891-லேயே காற்றாலையிலிருந்து மின்சாரம் எடுத்தார். காற்று நின்றுவிட்டால் என்ன செய்வது? மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, ஹைட்ரஜனைச் சேமித்து வைத்து, அதில் பள்ளிக்கூடத்து விளக்கை எரித்தார். பசுமை ஹைட்ரஜன் என்று இன்று பேசுகிறோமே, அதை அவர் அப்போதே செய்து பார்த்துவிட்டார். அவரிடம் படித்த யோஹானஸ் யூல் 1957-இல் கெட்ஸர் என்ற ஊரில் மூன்று இறக்கைக் காற்றாலை ஒன்றை நிறுவினார். எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலம், பத்து வருடம் ஓடிய பிறகு அதை நிறுத்திவிட்டார்கள்.

எண்ணெய் நெருக்கடி வந்ததும் அந்தப் பழைய அறிவு திரும்பி வந்தது. தச்சர்களும் கொல்லர்களும் தங்கள் பட்டறைகளில் காற்றாலை செய்து பார்த்தார்கள். ட்விண்ட் என்ற இடத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து 1978-இல் கட்டி முடித்த காற்றாலை, அன்று உலகிலேயே பெரியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பணம் போட்டு, பங்கு பிரித்து, ஊருக்கு ஒரு காற்றாலை வாங்கும் பழக்கமும் அப்போதுதான் பரவியது. கோபன்ஹேகன் கடலோரத்தில் 2000-இல் நட்ட 20 காற்றாலைகளில் பாதி, 8,500-க்கு மேற்பட்ட சாதாரண ஜனங்களின் கூட்டுறவுக்குச் சொந்தம்.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. சென்னையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனம் 1998-இல் டென்மார்க்கின் உதவியோடு தொடங்கப்பட்டதுதான். அதன் சோதனைக் களம் கயத்தாறில் இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எண்ணெயை விட்டதும் டென்மார்க் நேராகக் காற்றுக்குத் தாவிவிடவில்லை. முதலில் போனது நிலக்கரிக்கு. அணு உலை வேண்டாம் என்று நாடாளுமன்றம் 1985-இல் முடிவெடுத்தது. அதற்குப் பின்னும் பல வருடம் பெரும்பாலான மின்சாரம் நிலக்கரியில்தான் வந்தது. இப்போதும் நிலக்கரிக்குப் பதிலாகக் கொதிகலன்களில் எரிகிற மரத்தூள் கட்டிகளில் கணிசமான பங்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது. அத்தனை மரத்தை எரிப்பது சரிதானா என்று அங்கேயே கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. 2024 டிசம்பரில் வட கடலில் காற்றாலை அமைக்க விட்ட பெரிய ஏலத்தில் கலந்துகொள்ள ஒரு நிறுவனம்கூட வரவில்லை.

அப்புறம், காற்று எல்லா நேரமும் அடிக்காதே? காற்று குறைந்தால் கடலுக்கு அடியில் போட்ட மின்வடம் வழியாக நார்வேயின் நீர்மின்சாரம் வரும். காற்று அதிகமானால் இங்கிருந்து அங்கே போகும். இன்னொரு வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நடுராத்திரி காற்று பலமாக அடித்து மின்சாரம் மிஞ்சினால், பெரிய தொட்டிகளில் தண்ணீரைச் சூடாக்கி வைத்துவிடுகிறார்கள். விடிந்ததும் அது குழாயில் போகும்.

[காட்சி: எஸ்பியர் துறைமுகம். அலை, கட்டடத்துக்குள் பெரிய இயந்திரம்.]

மேற்குக் கரையில் எஸ்பியர் துறைமுகம். ஊருக்குச் சூடு கொடுத்துவந்த நிலக்கரி நிலையத்தை 2024-இல் மூடினார்கள். அதன் வேலையில் ஒரு பெரிய பங்கை இப்போது செய்வது ஒரு ராட்சத வெப்ப பம்பு. நம் வீட்டு ஃபிரிட்ஜ் உள்ளிருக்கும் சூட்டை இழுத்து முதுகுப் பக்கம் விடுகிறதல்லவா, அதே வேலை. இது வட கடலின் குளிர்ந்த நீரிலிருந்து சூட்டை இழுக்கிறது. ஓடுவது மின்சாரத்தில், அதிலும் காற்று மின்சாரம் நிறைய. சுமார் 25,000 வீடுகளுக்குப் போதுமான சூடு. அதற்காக அந்த வீடுகளில் யாரும் சூடு வாங்கும் பெட்டியை மாற்றவில்லை, தெருவையும் புதிதாகத் தோண்டவில்லை. நிலக்கரிச் சூடு வந்த அதே குழாயில் இப்போது கடலின் சூடு வருகிறது.