பீட்டா செல் ஏன் சாகிறது?

அனைவருக்கும் வணக்கம்.

1938-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வுல்ஃப்ராம், வேகனர் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேரைப் பற்றி எழுதினார்கள். நால்வருக்கும் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய். கூடவே கண் நரம்பும் தேய்ந்து போயிருந்தது. சர்க்கரை வந்தால் கண் கெடும், அது நமக்குத் தெரியும். ஆனால் அது விழித்திரையில், பல வருஷம் கழித்து வருவது. இங்கே கெட்டது நரம்பு. கணையத்துக்கும் கண் நரம்புக்கும் என்ன சம்பந்தம்?

பிடி கிடைக்க 60 வருஷம் ஆனது. இன்று வுல்ஃப்ராம் நோய் என்று அழைக்கப்படும் இதற்குக் காரணமான டபிள்யூஎஃப்எஸ்1 என்ற மரபணுவை 1998-ல் நான்காவது குரோமோசோமில் கண்டுபிடித்தார்கள். அது தரும் புரதத்தின் பெயர் வுல்ஃப்ராமின். கணையத்திலும் நரம்பிலும் உள்ள செல்களுக்குள், எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்வில் அது இருக்கிறது.

பள்ளியில் படம் வரைந்து பாகம் குறித்தோமே, அதே வலைப்பின்னல்தான். வெளியே போகவேண்டிய புரதங்கள் இங்கேதான் மடிந்து உருவம் பெறுகின்றன. கணையத்தில் இன்சுலின் செய்யும் ஒரு பீட்டா செல் நிமிஷத்துக்குச் சுமார் 10 லட்சம் இன்சுலின் மூலக்கூறுகளைச் செய்யக்கூடியது. ஒவ்வொன்றிலும் மூன்று கந்தகப் பிணைப்புகள் ஜோடி மாறாமல் சேர வேண்டும். தப்பாக மடிந்தவை குவிந்தால் வரும் நெருக்கடிதான் செல் அழுத்தம். (நம் ஆபீஸ் டென்ஷன் வேறு சங்கதி.)

இந்த நெருக்கடியைக் கவனிக்க மூன்று புரதங்கள் உண்டு: ஐஆர்இ1, பெர்க், ஏடிஎஃப்6. கல்யாண வீட்டில் சமையல்கட்டு திணறினால், "அடுத்த பந்தியைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்று ஒருவர் குரல் கொடுப்பார் இல்லையா? அதுதான் பெர்க். புதுப் புரத உற்பத்தியை அது தற்காலிகமாகக் குறைக்கும். ஏடிஎஃப்6 மடிப்புக்கு உதவும் புரதங்களைக் கூடுதலாக வரவழைக்கும். அப்படியும் நெருக்கடி தீராவிட்டால் சாப் என்ற புரதம் கிளம்பும். செல் தன்னையே முடித்துக்கொள்ளும்.

இனிதான் விஷயம். பெர்க் மரபணு இரண்டு பிரதியிலும் பழுதானால் உற்பத்தியை நிறுத்த ஆளில்லை. பிறந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ குழந்தைக்குச் சர்க்கரை வரும். எலும்பு வளர்ச்சி கெடும், ஈரலும் பாதிக்கப்படும். இது வோல்காட்-ராலிசன் நோய். வுல்ஃப்ராமின் கதை நேர் எதிர். நெருக்கடி இல்லாதபோது ஏடிஎஃப்6-ஐ அழிவுக்கு அனுப்பி அடக்கி வைப்பது அதன் பொறுப்பு என்று 2010-ல் உரானோ என்ற ஆய்வாளரின் குழு காட்டியது. வுல்ஃப்ராமின் இல்லையென்றால் பதற்றம் அடங்குவதே இல்லை. நெருக்கடிக்குச் செல் காட்டும் எதிர்வினை குறைந்தாலும் பீட்டா செல் சாகிறது, மிஞ்சினாலும் சாகிறது. அதனால் "செல் அழுத்தத்தைக் குறைக்கும்" என்று விற்கிற மாத்திரைகளை நான் நம்புவதில்லை. எந்தப் பக்கம் பழுது என்று தெரியாமல் எதைக் குறைப்பது? வுல்ஃப்ராம் நோய்க்கென்றே காரணத்தோடு தேர்ந்தெடுத்த டான்ட்ரோலீன் என்ற மருந்துகூட, சிறு சோதனையில் நோயாளிகளுக்கு ஒத்துக்கொண்டதே தவிர, மொத்தத்தில் தெளிவான முன்னேற்றம் தரவில்லை.

பெரும்பாலும் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்த இரண்டு நோய்களும் வரும். அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் 25 சதவீத வாய்ப்பு. தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே கட்டுகிற நம் வீடுகளில் இதை மறைத்துப் பேசிப் பயனில்லை.

டாக்டர்களும் பெற்றோரும் கவனிக்க ஒன்று. டைப் 1 (உடலின் எதிர்ப்புச் சக்தியே பீட்டா செல்லை அழிக்கும் சர்க்கரை நோய்) என்று முத்திரை குத்திய பிள்ளைக்கு, அந்தத் தாக்குதலைக் காட்டும் ஆன்டிபாடி எதுவும் இல்லை, சில வருஷத்திலேயே நிறம் மங்கலாகத் தெரிகிறது என்றால், சர்க்கரை கட்டுப்பாடு சரியில்லை என்று திட்டாமல் மரபணுச் சோதனைக்கு அனுப்புங்கள். சர்க்கரை அளவு நன்றாக இருந்தும் ராத்திரி முழுக்கத் தாகமும் சிறுநீருமாக இருந்தால், மூளையிலிருந்து வரவேண்டிய நீர்க்கட்டுப்பாட்டு ஹார்மோனும் குறைந்திருக்கலாம். வுல்ஃப்ராம் நோயில் அது பலருக்கு உண்டு. அதற்கு டெஸ்மோப்ரெசின் என்ற மருந்து இருக்கிறது. இன்சுலினை எவ்வளவு கூட்டினாலும் அந்தத் தாகம் அடங்காது.