பரணில் கிடக்கும் மைக்செட்டை மறுபடியும் பாட வைப்போம்

(காட்சி: ஓட்டு வீட்டுப் பரண். சாக்கு மூடிய இரும்புப் பெட்டி ஒன்று கீழே இறங்குகிறது. சாக்கை விலக்கினால் வால்வு ஆம்ப்ளிஃபயர்: டிரான்சிஸ்டர் வருவதற்கு முன்பு, கண்ணாடிக் குழல் வால்வுகளால் சத்தத்தைப் பெருக்கிய பெட்டி.)

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒரு பெட்டி இருந்தால், தயவுசெய்து பிளக்கைச் சொருகாதீர்கள். "ஓடுதான்னு ஒரு தடவை பார்த்துடலாம்" என்று சுவிட்சைத் தட்டிய அந்த நிமிடத்தில் டிரான்ஸ்பார்மர் கருகிப்போன செட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முப்பது நாற்பது வருடம் சும்மா இருந்த பெட்டி, இன்னும் பத்து நாள் காத்திருக்கும்.

இது என் பெரியப்பாவின் செட். தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோடு பக்கம் கல்யாணம், காதுகுத்து, பாரதக் கூத்து என்று எதுவானாலும் அவர்தான் புளியமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். அமெரிக்காவில் ஜூக்பாக்ஸ் இருந்தது. காசைப் போட்டு, பொத்தானை அமுக்கினால் கேட்ட பாட்டு வரும். சீபர்க் கம்பெனி 1940-களின் கடைசியில் கொண்டுவந்த எம்100ஏ, நூறு பாட்டுகளிலிருந்து ஒன்றைத் தானே எடுத்துப் போடும். நம் ஊரில் அந்த வேலையைச் செய்தது மைக்செட். பந்தலுக்குள்ளிருந்து ஒரு பையன் ஓடிவந்து, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அந்தப் பாட்டைக் கேட்கிறாங்க" என்று சொன்னால் போதும். பெட்டியைத் துழாவி அந்த ரெக்கார்டை எடுத்து வைப்பார்.

(காட்சி: ஆம்ப்ளிஃபயரின் அடித்தட்டைத் திறந்து உள்ளே காட்டவும்.)

சரி, உள்ளே பார்ப்போம். வால்வு செட்டுக்குள் 300, 400 வோல்ட் டிசி, அதாவது ஒரே திசையில் போகும் மின்சாரம், ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கண்டென்சர்களில் அது தங்கியிருக்கலாம். அதனால் 5 வாட், சில கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் உள்ள கம்பியில் கட்டி, அதைக் கண்டென்சரின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் வைத்து, தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். இதில் பழக்கம் இல்லையென்றால், பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அப்படிப்பட்ட கைகள் இன்னும் இருக்கின்றன.

இதோ, மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர். முதல் வால்வுக்கும், ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வுக்கும் நடுவில் நின்று, பாட்டை மட்டும் அனுப்பி, டிசியைத் தடுப்பதுதான் இதன் வேலை. காகிதம் ஈரம் குடித்துவிட்டால் டிசி கசியும். அவுட்புட் வால்வு அளவுக்கு மீறிக் கரண்டை இழுத்து, உள்ளே இருக்கும் பிளேட் செக்கச் செவேலென்று பழுக்கும். அடுத்தது டிரான்ஸ்பார்மர்தான். சில ரூபாய்க் கண்டென்சருக்காக, திரும்பக் கிடைக்காத டிரான்ஸ்பார்மரை இழக்க வேண்டுமா? அதே மதிப்பில், 630 வோல்ட் பிலிம் கண்டென்சர் போட்டுவிடுங்கள். பெரிய டப்பா கண்டென்சர்களும் உள்ளே காய்ந்திருக்கும். செட் போட்டவுடன் "ம்ம்ம்..." என்று இரையக் காரணம் பெரும்பாலும் அவைதான்.

இதெல்லாம் மாற்றிய பிறகு, ஒரு 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு, அதாவது பல்பு வழியாகவே கரண்ட் செட்டுக்குப் போகும்படி கட்டி, கரண்ட் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். உடனே அணைத்துவிடுங்கள். அப்புறம், ஸ்பீக்கரோ அதற்குப் பதிலாக ஒரு லோடு ரெசிஸ்டரோ மாட்டாமல் வால்வு ஆம்ப்ளிஃபயரில் பாட்டு வைக்கவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்குள் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷன் ஓட்டையாகிவிடும்.

வால்வு கிடைக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 12ஏஎக்ஸ்7, இஎல்84, இஎல்34 எல்லாம் வெளிநாடுகளில் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் வால்வு தயாரித்தது. ஓசூர் தாண்டினால் அந்த ஊர்தானே? அங்கே எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் பொறுமையாகத் தேடுங்கள். ஆனால் வால்வைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதே பெட்டிக்குள் புது ஐசி (சிப்) போர்டு வைத்துத் தரும் வேலையை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளியே அழகாக இருக்கும். பெரியப்பா கேட்ட சத்தம் அதில் இருக்காது.

(காட்சி: ரெக்கார்டு சேஞ்சர். தட்டைத் தூக்கி, கீழே உள்ள ரப்பர் சக்கரத்தைக் காட்டவும்.)

அடுத்தது சேஞ்சர், ரெக்கார்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தானே போட்டுச் சுற்றும் பகுதி. கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, அச்சில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டால் போதும். மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் சக்கரம் காய்ந்து வழுக்கும். ஓரத்தை மெல்லிய உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். ஒரே இடத்தில் அழுந்திக் குழி விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

ஊசி பிடிக்கும் தலைப்பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் இந்தத் தலைக்குப் பிக்கப் என்று பெயர். பழைய கிரிஸ்டல் பிக்கப்புக்குள் இருப்பது ரோஷெல் உப்பு. வளைத்தால் மின்சாரம் தரும் படிகம். டார்டாரிக் அமிலத்திலிருந்து வரும் உப்பு அது. நம் மாவட்டத்துப் புளியில் புளிப்பைத் தருவதும் அதே டார்டாரிக் அமிலம்தான். குழாய் கட்டியது புளியமரத்தில், அந்தப் பாட்டைப் பிறப்பித்ததும் புளியின் சொந்தக்கார உப்பு! ஆனால் இது ஈரத்தில் கரையும், ரொம்பக் காய்ந்தாலும் கெடும், 55 டிகிரி சூட்டைத் தாங்காது. சித்திரை மாத ஓட்டுக் கூரையின் கீழ் என்ன ஆகியிருக்கும்? பெரும்பாலும் செத்துத்தான் போயிருக்கும். செராமிக் பிக்கப் மாற்றிக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டுகளுக்கு வருவோம். கனமாக, தட்டினால் ஓடு மாதிரிச் சத்தம் கேட்டால் அது 78 வேக ரெக்கார்டு, அதாவது நிமிடத்துக்கு 78 முறை சுற்றுவது. அதன் முக்கியமான சேர்மானம் அரக்கு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். இது தெரியாத வயதில் ஒரு தட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது, பாட்டு போய்விட்டது. அந்தத் தட்டை இன்னும் வைத்திருக்கிறேன். டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய துணி. லேபிளை நனைக்காதீர்கள். 78-க்கு அகலமான ஊசி வேண்டும். எல்பி (33 வேக ரெக்கார்டு) ஊசியை வைத்தால், அது பள்ளத்தின் அடியில் அலைந்து கரகரவென்றுதான் கேட்கும்.

குழாய் ஸ்பீக்கர் வயல் தாண்டிக் கேட்கப் பிறந்தது. அதில் பேஸ் (கனத்த அடிச்சத்தம்) வராது, வலிந்து தள்ளினால் குழாயின் அடியில் உள்ள யூனிட்டுக்குள், சத்தம் எழுப்பும் மெல்லிய டயாஃப்ரம் கிழியும். வீட்டுக்குள் நல்ல பெட்டி ஸ்பீக்கரில் கேளுங்கள். குழாயையும் துடைத்துப் பக்கத்திலேயே வையுங்கள், ஆடிப்பெருக்கு அன்று ஒரு மணி நேரம் மட்டும் குறைந்த சத்தத்தில் பாடட்டும். இரவு 10 மணிக்கு மேல் வெளியே ஒலிபெருக்கி வைக்கச் சட்டம் இடம் தருவதில்லை, அது நியாயமும்கூட.

யாராவது அமெரிக்க ஜூக்பாக்ஸ் வாங்கினால் ஒரு வார்த்தை. அந்தப் பழைய பெட்டிகள் 117 வோல்ட், நொடிக்கு 60 சைக்கிள் கரண்டுக்குச் செய்தவை. நமக்கு 230 வோல்ட், 50 சைக்கிள். வோல்டேஜை டிரான்ஸ்பார்மர் குறைத்துவிடும், சைக்கிளை மாற்றாது. மோட்டார் மெதுவாகும், 45 வேகத் தட்டு 37.5-ல் சுற்றும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். 50 சைக்கிளுக்கான புல்லியை (மோட்டார் அச்சில் மாட்டும் சிறு சக்கரம்) சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

(காட்சி: அறை விளக்கை அணைத்து, பழைய டியூப்லைட்டை மட்டும் போடவும். தட்டின் மேல் கோடு போட்ட வட்ட அட்டை.)

கடைசியாக வேகம். இந்த அட்டையில் 77 கோடுகள். சோக் வைத்த பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும். அந்த வெளிச்சத்தில் தட்டு 78-ல் சுற்றினால் கோடுகள் அப்படியே நிற்பது போலத் தெரியும். 45-க்கு 133 கோடு, எல்பிக்கு 180. எல்இடி பல்பில் இது சரியாக வராது, அதற்காகவே இந்த டியூப்லைட்டை வைத்திருக்கிறேன். இப்போது பாருங்கள்... கோடு முன்னால் நகர்கிறது, நகர்கிறது... நின்றுவிட்டது. ஊசியை வைக்கிறேன்.

(திரை இருள்கிறது. ரெக்கார்டின் கரகரப்பு மட்டும் கேட்கிறது.)