இடது காலின் பெருவிரல்

அனைவருக்கும் வணக்கம். இந்த வாரம் கிரிக்கெட் வேண்டாம், வேறு ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் சொல்லிவிட்டார். சரி, அமெரிக்காவுக்குப் போவோம். பேஸ்பால்.

அங்கே பந்து வீசுகிறவரை பிட்சர் என்பார்கள். நம் வேகப்பந்து வீச்சாளர்போல எல்லைக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஓடிவரும் வசதி அவருக்குக் கிடையாது. மைதானத்துக்குள் ஒரு சின்ன மண்மேடு. அதில் நின்றபடியே 60 அடி 6 அங்குலத் தொலைவுக்கு வீச வேண்டும். ஓடிவந்து சேர்க்கும் வேகத்தை எல்லாம் ஒரே எட்டில் சேர்த்தாக வேண்டும். வலக்கைக்காரர் என்றால் இடது காலைத் தூக்கி, முன்னால் நீட்டி, ஊன்றுவார். ஊன்றிய காலின்மேல் இடுப்பு திரும்பும், பிறகு தோள், கடைசியில்தான் கை. இடது காலைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று சொல்லப்போவது டிஸ்ஸி டீன் என்ற வலக்கை பிட்சரின் கதை. 1910-ல் ஆர்கன்சா மாநிலத்தில் லூகாஸ் என்ற ஊரில் பிறந்தவர். பருத்திக் காட்டில் கூலிக்குப் பஞ்சு பறித்த குடும்பம். பள்ளிக்கூடம் பேருக்குத்தான். டிஸ்ஸி என்றால் தலை கிறுகிறுத்தவன் என்று வைத்துக்கொள்ளலாம்; ராணுவத்தில் இருந்தபோது ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். மூன்று நிருபர்களிடம் மூன்று பிறந்த ஊர் சொன்னாராம். ஏனப்பா என்று கேட்டதற்கு, ஆளுக்கொரு தனிச் செய்தி கிடைக்கட்டுமே என்றாராம். அப்படிப்பட்ட வாய்.

அந்த வாய்க்கு ஏற்ற கையும் இருந்தது. பேஸ்பாலில் அணியின் ஒவ்வொரு வெற்றியையும் ஒரு பிட்சரின் கணக்கில் எழுதுவார்கள். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 1932 முதல் 1936 வரை ஐந்தே ஆண்டில் டீன் கணக்கில் 120 வெற்றி. 1934-ல் மட்டும் 30. அதே ஆண்டு தம்பி பால் டீனும் பிட்சராக அதே அணியில் சேர்ந்தார். நானும் பாலும் சேர்ந்து 45 ஆட்டம் ஜெயிப்போம் என்று சீசனுக்கு முன்பே அண்ணன் சொன்னபோது பலரும் சிரித்தார்கள். சீசன் முடிவில் கணக்கு 49. செப்டம்பரில் புரூக்ளினில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் ஓடிச் சேர்ந்தால் அது ஹிட். முதல் ஆட்டத்தில் அண்ணன் எதிரணிக்கு மூன்றே ஹிட் கொடுத்தார். அடுத்ததில் தம்பி ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. நீ இப்படிச் செய்யப்போகிறாய் என்று முன்பே தெரிந்திருந்தால் நானும் செய்திருப்பேனே என்று அண்ணனுக்குக் குறை! அப்புறம் டெட்ராய்ட் அணியோடு வேர்ல்ட் சீரிஸ், அதாவது அந்த ஆண்டின் சாம்பியன் யார் என்று முடிவு செய்யும் தொடர்; நான்கு ஆட்டம் ஜெயித்தால் பட்டம். கார்டினல்ஸ் ஜெயித்த நான்கு ஆட்டமும் இந்த இரண்டு பேர் ஜெயித்துக் கொடுத்தவை.

1937 ஜூலை 7. வாஷிங்டனில் ஆல்-ஸ்டார் ஆட்டம், அதாவது பல அணிகளின் நட்சத்திர வீரர்கள் மோதும் ஆட்டம். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே பார்க்க வந்திருந்தார். கிளீவ்லாந்து அணி வீரர் ஏர்ல் ஆவெரில் அடித்த பந்து நேராக வந்து டீனின் இடது கால் பெருவிரலைப் பதம் பார்த்தது. எலும்பு முறிவு.

விரல்தானே என்று தோன்றும். நமக்கும் வாசற்படியில் விரலை இடித்துக்கொண்டு நொண்டியபடியே வேலைக்குப் போன அனுபவம் உண்டு. டீனும் இரண்டே வாரத்தில் விரலுக்குக் கட்டைவைத்துக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறிவிட்டார். ஊன்றினால் வலிக்கிறது. அதனால் உடம்பு தானாகவே எட்டைக் குறைத்துக்கொண்டது. கால் கொடுக்காத வேகத்தைத் தோள் தனியாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. விரல் ஆறியது, தோள் ஆறவே இல்லை. அப்போது அவருக்கு வயது 27.

பந்து பட்டதால் போனார் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். நான் அந்தப் பந்தைக் குற்றம் சொல்ல மாட்டேன், இரண்டு வாரத்தில் மேடேறிய அவசரத்தைத்தான் சொல்வேன். ஐந்து ஆண்டில் 1,500 இன்னிங்ஸுக்கு மேல் வீசித் தேய்ந்த தோள் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்னிங்ஸ் என்றால் நம் கிரிக்கெட் இன்னிங்ஸ் அல்ல; பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ்.

1938-ல் சிகாகோ கப்ஸ் அணி 1,85,000 டாலரும் மூன்று வீரர்களும் கொடுத்து அவரை வாங்கியது. பழைய வேகம் இல்லை. ஆனாலும் மெதுவான பந்தை இங்கே அங்கே வைத்து ஏமாற்றியே 7 ஆட்டம் ஜெயித்தார், தோற்றது ஒன்றே ஒன்று. எனக்கு 1934-ஐவிட இந்த வருஷம்தான் பிடிக்கும். அந்த ஆண்டு வேர்ல்ட் சீரிஸின் இரண்டாவது ஆட்டத்தில் நியூயார்க் யாங்கீஸ் எதிரே. வெறும் சாமர்த்தியத்தை வைத்துக்கொண்டு எட்டாவது இன்னிங்ஸ் வரை 3-2 என்று முன்னிலையைக் காத்தார். அப்போது யாங்கீஸின் குரோசெட்டி ஹோம் ரன் அடித்தார், நம் சிக்ஸர் மாதிரி. சுற்றி ஓடிய அவரைப் பார்த்து, என் பழைய வேகம் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று டீன் கத்தினாராம். ஓடிக்கொண்டே குரோசெட்டியும் ஒப்புக்கொண்டாராம். ஒன்பதாவதில் அதே அணியின் டிமாஜியோவும் ஒன்று அடிக்க, ஆட்டம் போயிற்று.

கப்ஸுக்காக மொத்தம் 16 வெற்றி. 1941-ல் மைக்கைப் பிடித்து வானொலி வர்ணனைக்கு வந்துவிட்டார். இலக்கணம் அவரிடம் படாதபாடு பட்டது. ஆசிரியர்கள் புகார் எழுதினார்கள், ஜனங்கள் ரசித்தார்கள். 1947-ல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியின் பிட்சர்களை வர்ணனையில் வறுத்தெடுத்து, இவர்களைவிட நானே நன்றாக வீசுவேன் என்றார். சரி, வா என்று கூப்பிட்டுவிட்டார்கள். சீசனின் கடைசி ஆட்டம். ஆறு வருஷம் மேடேறாத மனிதர் நான்கு இன்னிங்ஸ் வீசினார், ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. மட்டை பிடித்து ஒரு ஹிட்டும் அடித்தார். ஆனால் ஓடும்போது தொடையில் தசை பிடித்துக்கொண்டது. இனி இந்த வேலையே வேண்டாம், பேச்சுதான் என் தொழில், நல்லவேளை பிடித்தது தொண்டையில் இல்லை என்று சொல்லிவிட்டு மைக்குக்குத் திரும்பிப் போனார்.