பகலிலேயே வீடு புகுந்து திருடிவிட்டார்கள், இனி என்ன செய்வது? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். தை கடைசி, சம்பா அறுவடை. அறுவடை மெஷின் வந்து நிற்கிறது என்று வீட்டில் எல்லோரும் வயலுக்குப் போய்விட்டார்கள். மாமியார் அடுத்த தெருவில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார். மதியம் சாப்பாடு எடுக்க வந்து பார்த்தால் கொல்லைக் கதவு பெயர்ந்து கிடக்கிறது, பீரோ திறந்து கிடக்கிறது. 9 பவுன் நகையும் 40,000 ரூபாயும் போய்விட்டன. புகார் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் ஆகிறது. மாமியார் ராத்திரியில் தூங்குவதே இல்லை. வேலைக்கு வருகிற பெண்ணின் மேல் வீட்டில் எல்லோருக்கும் சந்தேகம். வெற்றிலையில் மை போட்டுப் பார்த்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். "நாங்கள் என்ன செய்யட்டும் ஐயா?" என்று கேட்கிறார்.

அம்மா, கடைசியில் சொன்னதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மை போட வேண்டாம். குறி கேட்கவும் போக வேண்டாம். இதை நான் சட்டம் படித்தவன் என்பதால் சொல்லவில்லை. 12 வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டிலும் திருடு போனது. அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி, என் தங்கையின் வளையல்கள். அதற்கு நான்கு நாள் முன்புதான் தேங்காய் பறிக்கிறவர் கொல்லைக்கு வந்து போயிருந்தார். அவராகத்தான் இருக்கும் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். யாரும் அவரைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஆனால் தெருவில் பேசினோம், அது அவர் காதுக்குப் போய்விட்டது. எட்டு மாதம் கழித்து வேறொரு மாவட்டத்தில் பிடிபட்ட இரண்டு பேர் எங்கள் வீட்டையும் சேர்த்து ஒப்புக்கொண்டார்கள். எங்கள் ஊருக்கே சம்பந்தமில்லாதவர்கள். நான் அந்தத் தேங்காய்க்காரர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். ஆனால் இன்றுவரை எங்கள் கொல்லைக்குள் அவர் கால் வைக்கவில்லை. நகையில் பாதி திரும்பி வந்தது, அவர் வரவில்லை.

உங்கள் வேலைக்காரப் பெண் எடுத்திருக்கவே மாட்டார் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. யார் யார் வீட்டுக்கு வந்து போனார்கள் என்று போலீஸ் கேட்கும்போது எல்லாப் பெயரையும் சொல்லுங்கள், அவர் பெயரையும் சேர்த்துத்தான். விசாரிப்பது அவர்கள் வேலை. தெருவில் ஒரு வார்த்தை வேண்டாம். நீங்கள் இல்லாத நேரத்தில் உங்கள் கொல்லையில் புது ஆள் நின்றால் "யாருப்பா நீ?" என்று கேட்கப்போவது அந்தப் பெண்ணும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான். அவர்களைப் பகைத்துக்கொண்டு எத்தனை பூட்டு போட்டாலும் போதாது.

சரி, போலீஸ் விஷயம். சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது மட்டும்தான். அது எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை ஆகாது. வீடு புகுந்து திருடுவது பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம், அதற்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் புதுக் குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. வீட்டுக்குள் திருடுவதற்கு, எது குற்றம், என்ன தண்டனை என்று சொல்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) பிரிவு 305, பூட்டை உடைத்துப் புகுவதற்கு 331. எஃப்.ஐ.ஆர். பற்றிச் சொல்வது, போலீஸும் கோர்ட்டும் நடக்க வேண்டிய முறையைச் சொல்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) பிரிவு 173. எஃப்.ஐ.ஆர். நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போய் தன்மையாகவே கேளுங்கள்: "ஐயா, 173-ல் பதிவு செய்து நகல் கொடுங்கள்." அப்படியும் நடக்கவில்லை என்றால் புகாரின் சாரத்தை எழுதி மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதற்கும் பலன் இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடலாம். பெரும்பாலும் எஸ்.பி. அலுவலகத்தோடு வேலை முடிந்துவிடும். எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் இந்தச் சட்டத்தில் உண்டு. கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

புகாரில் "சுமார் 9 பவுன் நகை" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்திருப்பீர்கள், முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். அது போதாது. ஆரம் என்றால் எத்தனை கிராம், என்ன டிசைன், எந்த வருடம் எந்தக் கடையில் வாங்கியது, எங்கே பற்றவைத்தது, எந்தக் கல் விழுந்துவிட்டது, எல்லாம் வேண்டும். பில் இல்லையே என்பீர்கள். மூன்று இடத்தில் தேடிப் பாருங்கள். கல்யாண ஆல்பத்தைப் பாருங்கள், ஆரமும் நெக்லஸும் அதில் தெளிவாகத் தெரியும். வாங்கிய கடையில் உங்கள் போன் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள், பழைய பில் கணினியில் இருக்க வாய்ப்பு உண்டு. மூன்றாவதுதான் நம் பக்கத்துக்காரர்களுக்கு நல்ல ஆதாரம். நடவுச் செலவுக்கு நகையைக் கூட்டுறவு சங்கத்திலோ வங்கியிலோ வைத்திருக்கிறீர்களா? காவிரி பாய்கிற ஊரில் வைக்காத வீடு எத்தனை? அடகு வைத்தபோது மதிப்பீட்டாளர் ஒவ்வொரு உருப்படியையும் எடை போட்டு எழுதியிருப்பார். அந்தக் கடன் பதிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்த நகை எத்தனை கிராம் என்று மூன்றாம் ஆள் எழுதிய சாட்சி அது.

2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு கடையில் வாங்கிய நகை என்றால், பெரும்பாலும் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. எண், அதாவது ஹால்மார்க்கோடு ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தருகிற அடையாள எண் பொறித்திருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்து. பில்லில் அந்த எண் இருந்தால் புகாரில் சேருங்கள். உருக்கிவிட்டால் எண் போய்விடும், அது உண்மைதான். உருக்குவதற்கு முன்னால் பிடிபட்டால் "இது என் நகை" என்று சொல்வதற்கு அதைவிட நேரடியான அடையாளம் இல்லை.

படம் எதற்கு என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். கொள்ளிடத்துக்கு வடக்கே ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் திருடுபோய் ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் வரை போய்விட்டார். 2014-ல் நாட்டுக்குத் திரும்பி வந்தார். பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் எப்போதோ எடுத்து வைத்திருந்த புகைப்படம் இருந்ததால்தான், இது அந்தக் கோயில் நடராஜர் என்று காட்ட முடிந்தது. கோயில் சிலைக்கே அப்படி என்றால் நம் வீட்டு வளையலுக்குச் சாட்சி வேண்டாமா? இருக்கிற நகையை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, முன்னும் பின்னும் படம் எடுங்கள். படத்தை உங்கள் போனில் மட்டும் வைக்காமல் வெளியூரில் இருக்கிற பிள்ளைக்கும் அனுப்புங்கள். போனே திருடு போகலாம் அல்லவா.

நகை பிடிபட்டால் அது நேராகக் கோர்ட்டுக்குப் போகும். வழக்கு முடிகிற வரை காத்திருக்க வேண்டும் என்று பலர் வருடக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிறார்கள். அவசியமே இல்லை. படம் எடுத்து, விவரம் எழுதி, பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் சீக்கிரமே கொடுத்துவிட வேண்டும் என்று 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனு போட்டால் போதும்.

இனி வீட்டுக்கு வருவோம். உங்கள் வீடு எப்படி இருக்கும் என்று நான் பார்க்காமலே சொல்ல முடியும், நானும் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன்தான். வாசலில் திண்ணை, உள்ளே ரேழி, முற்றம், கூடம், அப்புறம் சமையலறை, அதைத் தாண்டினால் கொல்லை. வாசல் கதவு கனமான தேக்கு. கொல்லைக் கதவு மெல்லிய பலகை, அதில் ஒரு சின்ன நாதாங்கி, நாதாங்கியைப் பிடித்திருப்பது நான்கு சிறிய திருகாணி. கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால், வாழை, மூங்கில். அங்கே ஒருவன் அரை மணி நேரம் நின்றாலும் தெருவுக்குத் தெரியாது. திருடன் பூட்டை உடைப்பதில்லை அம்மா, நாதாங்கியை நெம்பிப் பெயர்த்துவிடுகிறான். நெம்புவதற்குக் கடப்பாரையும் அவன் கொண்டு வருவதில்லை, கொல்லையில் நாம் சாத்தி வைத்திருப்பதையே எடுத்துக்கொள்கிறான். அதனால் இன்றைக்கே கடப்பாரை, மண்வெட்டி, ஏணி மூன்றையும் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்.

கொல்லைக் கதவுக்கு வெளியே பூட்டே வேண்டாம். உள்பக்கம் சுவரில் இரண்டு பக்கமும் இரும்புக் கொக்கி அடித்து, குறுக்கே ஒரு கட்டை போடுங்கள். பழைய வீடுகளில் இதற்காகவே நிலையில் குழி வைத்திருப்பார்கள், நாம்தான் அதை சிமென்ட் வைத்து அடைத்துவிட்டோம். கட்டையைப் போட்டுவிட்டு வாசல் வழியாக வெளியே வாருங்கள். ஆசாரியைக் கூப்பிட்டு, வாசல் கதவு நாதாங்கிக்கு மட்டும் திருகாணிக்குப் பதிலாக, கதவை முழுக்கத் துளைத்து உள்பக்கம் நட்டு போட்டு முறுக்குகிற போல்ட் வைக்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலை. முற்றத்தின் மேலே கம்பி கிராதி இல்லை என்றால் அடுத்த செலவு அதற்குத்தான், ஓட்டு மேல் ஏறி முற்றத்தில் குதிப்பது சுலபம்.

கேமரா வைக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வைக்கலாம், ஆனால் கதவைச் சரி செய்த பிறகு. கேமராவின் பதிவுப் பெட்டியை டி.வி.க்குப் பக்கத்தில் வைத்தால் டி.வி.யோடு அதையும் தூக்கிக்கொண்டு போவான். பதிவு போனுக்கும் வருகிற மாதிரி வாங்குங்கள், இன்வெர்ட்டரில் இணையுங்கள். அதற்கு முன்னால், ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானாக எரிகிற விளக்கு ஒன்றைக் கொல்லைப்புறம் மாட்டுங்கள். செலவு குறைவு, ராத்திரியில் மாமியாருக்கும் தைரியம் தரும்.

பீரோ சாவி எங்கே இருந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. பீரோ மேலேயா, சாமி படத்துக்குப் பின்னாலா? கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் பார்த்த பாதி வழக்குகளில் சாவி அங்கேதான் இருந்தது. வீட்டுச் சாவியைத் துளசி மாடத்திலும் மீட்டர் பெட்டி மேலும் வைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஆடிப்பெருக்கு அன்று தெருவே ஆற்றங்கரையில் இருக்கிறது. நடவு, அறுவடை, கோயில் தேர், எல்லாம் ஊருக்கே தெரிந்த நாட்கள், திருடனுக்கும் தெரியும். அந்த நாட்களில் தெருவுக்கு ஒருவராவது வீட்டில் இருக்கிற மாதிரி முறை போட்டுக்கொள்ளலாம். இரண்டு நாளுக்கு மேல் வெளியூர் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள், ரோந்து வரும்போது பார்ப்பார்கள். வாசலில் கோலம் போடுவதற்குப் பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். கோலம் இல்லாத வாசலும் பகலில் எரிகிற விளக்கும் வீட்டில் ஆள் இல்லை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கல்யாணத்துக்காக மீட்ட நகையை, கல்யாணம் முடிந்த மறுவாரமே லாக்கரில் வையுங்கள். திருட்டு, தீ, ஊழியர் மோசடி என்று லாக்கரில் ஏதாவது நடந்தால், ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு. 2022 ஜனவரி 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி இது. லாக்கர் கிடைக்காதவர்கள் சிறு தொகைக்கு நகையை அடகிலேயே விட்டு வைப்பதும் உண்டு. வட்டி போகும், ஆனால் தூக்கம் போகாது.

மாமியார் விஷயத்தைத்தான் நான் அதிகம் யோசித்தேன். அவர் 9 பவுனை நினைத்து விழித்திருக்கவில்லை. முகம் தெரியாத ஒருவன் தன் புடவை மடிப்பில் கை விட்டிருக்கிறான், சாமி அறைக்குள் செருப்போடு நடந்திருக்கிறான். எங்கள் அம்மா எல்லாப் பாத்திரத்தையும் இரண்டு தடவை தேய்த்துக் கழுவினார். நாங்கள் அப்போது "போனது போகட்டும், விடுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். அது தவறு. அவர் பேச வேண்டியதைப் பேசவிடவில்லை. உங்கள் மாமியாரைப் பேசவிடுங்கள், அதே கதையைப் பத்து தடவை சொன்னாலும் கேளுங்கள். அன்றைக்கு நான் துக்க வீட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் என்று அவர் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். போகாமல் இருந்திருந்தால் அவனுக்கு எதிரில் தனியாக நின்றிருப்பார் என்று யாராவது அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். நீங்களே சொல்லுங்கள்.

கொஞ்ச நாள் அவர் தனியாகப் படுக்க வேண்டாம். ராத்திரி கட்டையைப் போடும் வேலையை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். எங்கள் அம்மா எந்த மாத்திரைக்கும் கேட்காதவர், கதவைத் தானே சாத்தி, கட்டையைத் தானே தட்டிப் பார்த்த பிறகுதான் தூங்க ஆரம்பித்தார். ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கம் வரவில்லை, படபடப்பு இருக்கிறது என்றால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்று ஒரு இலவச எண் இருக்கிறது, மனநலத்துக்கான டெலி மானஸ் சேவை, தமிழிலேயே பேசலாம்.

எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள் அம்மா, பிரிவு சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்கிறேன். அந்தப் பெண் நாளைக் காலையில் வேலைக்கு வந்தால், வழக்கம்போல முதலில் ஒரு டம்ளர் காபி கொடுங்கள்.