இறக்கத்தில் கிளட்சைத் தொடாதீர்கள்

வணக்கம், நேயர்களே. சிங்கப்பூரில் கார் ஓட்டுகிறவர்களுக்கு மலைப்பாதை எது? பலமாடி கார் நிறுத்துமிடத்தில் சுற்றிச் சுற்றி ஏறுகிறோமே, அதுதான். புக்கிட் தீமா உச்சியே 164 மீட்டரை எட்டவில்லை. அங்கேயும் நாம் காரில் போக முடியாது. அதனால் ஃபோர் வீல் டிரைவ், அதாவது நாலு சக்கரத்தையும் எஞ்சினே சுழற்றும் வண்டிமேல் ஆசை உள்ளவர்கள் பக்கத்து மலேசியாவில் இருக்கும் ஜோகூருக்குப் போவார்கள், இல்லாவிட்டால் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு. நான் பெர்த் கட்சி.

பெர்த்துக்குக் கிழக்கே டார்லிங் மலைத்தொடர், ஜாரா என்ற யூகலிப்டஸ் வகை மரக்காடு. பாதையெங்கும் பொடிப்பொடியான உருண்டைச் சரளை. கொண்டைக்கடலையைக் கொட்டிவிட்டு அதன்மேல் நடந்து பாருங்கள், அப்படியிருக்கும். மழையே இல்லாவிட்டாலும் வழுக்கும். திரும்பவும் சொல்கிறேன், காய்ந்து கிடந்தாலும் வழுக்கும்.

என் அத்தான் அங்கேதான் இருக்கிறார். ஒருமுறை எங்களைச் செங்குத்தான பாதை ஒன்றுக்குக் கூட்டிப்போனார். நீளம் என்னவோ எங்கள் புளோக்கிலிருந்து காப்பிக்கடை வரைக்கும்தான். மனிதர் அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பித்தார். குனிகிறார், கல்லைக் காலால் தட்டுகிறார், மழைநீர் அறுத்த பள்ளத்தை இந்தப் பக்கம் நின்று பார்க்கிறார், அந்தப் பக்கம் நின்று பார்க்கிறார். மேலே போய், இறங்கி, மறுபடியும் ஏறுகிறார். "அண்ணன் எதையாவது தொலைத்துவிட்டாரா?" என்று என் மனைவி கேட்டார். வண்டி ஏறியபோதுதான் காரணம் புரிந்தது. மூக்கு நிமிர்ந்ததும் கண்ணாடியில் வானம் மட்டும்தான். பாதையே தெரியாது! எந்தச் சக்கரம் பள்ளத்துக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது நடந்தவருக்குத்தான் தெரியும்.

ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் திருப்பப் பார்க்காதீர்கள். சரிவில் குறுக்கே நின்ற வண்டி உருண்டுவிடும். பிரேக்கை மிதித்துக்கொண்டே ரிவர்ஸ் கியர் போட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்குங்கள்.

இனி இறக்கம். இதைச் சொல்லத்தான் வந்தேன். கியர் மாற்றி ஓட்டும் வண்டி என்றால் லோ ரேஞ்ச், அதாவது வண்டியை மெதுவாக, கூடுதல் இழுவிசையோடு ஓடவைக்கும் கியர் அமைப்பு, அதில் முதல் கியர், அவ்வளவுதான். வண்டியை எஞ்சினே பிடித்துக்கொள்ளும். கிளட்சை மிதித்தீர்களோ, அந்தப் பிடி போயிற்று. வண்டி தன் இஷ்டத்துக்கு ஓடும். பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சரளையில் சறுக்கும், ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. பயத்தில் இரண்டு காலும் தானாக எழும், எனக்கும் எழும். ஆனாலும் கிளட்சைத் தொடாதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மரங்களைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காட்டு மண்ணில் பைட்டாப்தோரா என்றொரு நுண்ணுயிரி இருக்கிறது. வேரை அழுகவைத்து ஜாரா, பாங்க்சியா மரங்களைக் கொல்லும். டயரில் ஒட்டிய சேற்றோடு அடுத்த காட்டுக்கும் போய்விடும். சில பாதைகளை அடைத்து வைத்திருப்பது அதனால்தான். தடுப்பைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள், சேற்றைச் சுரண்டிவிட்டுக் கிளம்புங்கள். வாடகை வண்டி எடுப்பவர்கள் தார் போடாத பாதையில் ஓட்ட அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். பிடிமானத்துக்காக டயரில் காற்றைக் குறைத்திருந்தால், தார்ச்சாலையில் ஏறுமுன் மறுபடி அடைத்துவிடுங்கள். ஜோகூர்ச் சேறு பற்றி இன்னொரு நாள் கூப்பிட்டால் வந்து பேசுகிறேன். வணக்கம்.