கொண்டைக்கடலைக்கு இரவு முழுவதும் கொடுங்கள், ஃபெட்டாவைக் கடைசிவரை தொடாதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம். இன்று வேறொரு காணொளிதான் வருவதாக இருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டேன். உங்களில் பலர் ஒரே சமையல் காணொளியை எனக்கு அனுப்பி, "இதைச் செய்து பார்க்கலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். 'கிரேக்கக் கோழி' என்று அதற்குப் பெயர். கல்லாக உறைந்த கோழி நெஞ்சுக்கறியை அப்படியே ஸ்லோ குக்கரில் போடுகிறார்கள். அதன் மேல் ஒரு பாட்டில் சாலட் டிரெஸ்ஸிங், ஃபெட்டா பாலாடைக்கட்டி, ஆலிவ், எலுமிச்சைத் துண்டுகள். எல்லாம் ஒரே நேரத்தில். மூடியை மூடி எட்டு மணி நேரம். பார்த்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

முதலில் அந்த உறைந்த கறி. தயவுசெய்து செய்யாதீர்கள். 4 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகும். ஸ்லோ குக்கர் மெதுவாகச் சூடேறும் பாத்திரம். உறைந்த கறியைப் போட்டால் அந்த இடைப்பட்ட சூட்டிலேயே பல மணி நேரம் கிடக்கும். முந்தைய நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உறைவு நீங்கிய பிறகு போடுங்கள். அடுத்தது நெஞ்சுக்கறி. எட்டு மணி நேரத்தில் அது நார் நாராக உலர்ந்துவிடும். எலும்போடு கூடிய தொடைக்கறிதான் இந்தப் பாத்திரத்துக்கு ஏற்றது. இதை எத்தனையோ காணொளிகளில் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன்.

ஆனால் என்னை அதிகம் வருத்தியது வேறு. வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டு, மாலையில் அடுப்படியில் நிற்க நேரமில்லாத குடும்பங்களுக்குக் கிரேக்கச் சமையலைப் போல உதவுவது வேறில்லை. அதைப் போய் ஒரு பாட்டில் டிரெஸ்ஸிங்காகச் சுருக்கிவிட்டார்களே! மெதுவாக வேகவைப்பது கிரேக்கர்களுக்கு இந்த மின்சாரப் பாத்திரம் வந்துதான் தெரியவேண்டும் என்பதில்லை.

சிஃப்னோஸ் என்று ஒரு தீவு, ஏஜியன் கடலில், சைக்லடீஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தது. அங்கே ரெவிதாடா என்று ஒரு கொண்டைக்கடலைச் சமையல். சனிக்கிழமை மாலை ஸ்கெபஸ்தாரியா என்ற மூடியுள்ள மண்பானையில் கொண்டைக்கடலை, வெங்காயம், ஆலிவ் எண்ணெய், பே இலை, தண்ணீர் எல்லாவற்றையும் போட்டு விறகு அடுப்புக்குள் தள்ளிவிடுவார்கள். இரவெல்லாம் அடங்கிய சூட்டில் வெந்து, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து திரும்பும்போது சாப்பாடு தயார்.

இதில் எனக்கு மெய்சிலிர்ப்பது என்ன தெரியுமா? ஸ்லோ குக்கரின் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்பவர் 1940இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவருக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்தது தன் தாய் சொன்ன லிதுவேனியக் கிராமத்துக் கதை. அங்கே யூதக் குடும்பங்கள் ஓய்வுநாளுக்கு முந்தைய மாலையில் பீன்ஸ் குழம்பை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிட்டு, மறுநாள் எடுத்துச் சாப்பிடுவார்கள். அவருடைய நிறுவனத்தை வாங்கிய ரைவல் நிறுவனம் 1971இல் இதே பாத்திரத்தை கிராக்-பாட் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. சிஃப்னோஸில் சனி இரவு, லிதுவேனியாவில் வெள்ளி இரவு, இரண்டிலும் மெல்ல ஆறிக்கொண்டே போகும் அடுப்பு. ஆகவே ரெவிதாடாவை ஸ்லோ குக்கரில் செய்வது குறுக்குவழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அளவு சொல்கிறேன். அரைக் கிலோ கொண்டைக்கடலையை 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இரண்டு பெரிய வெங்காயத்தை வளையமாக நறுக்கிக் கடலையோடு கலந்து பானையில் போடுங்கள். இரண்டு பே இலை, உப்பு, 100 மில்லி ஆலிவ் எண்ணெய். எண்ணெயைக் குறைக்காதீர்கள், அதுதான் தண்ணீரோடு சேர்ந்து குழம்பைக் கெட்டியாக்குகிறது. கடலைக்கு மேல் இரண்டு விரல் உயரம் தண்ணீர். தூங்கப் போகும்முன் குறைந்த சூட்டில் வையுங்கள். எட்டு மணி நேரத்துக்குப் பிறகு ஒரு கடலையை எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள், வெண்ணெய்போல நசுங்க வேண்டும். எலுமிச்சைச் சாறு தட்டில் பரிமாறும்போதுதான். புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் கடலையின் தோல் இளகாது. எங்கள் வீட்டில் இது இப்போது நிரந்தரமாகிவிட்டது. காலையில் எழுந்ததும் வீடு முழுவதும் அந்த மணம்!

கடலையில் நம்பிக்கை வந்துவிட்டதென்று ராஜ்மாவையும் இதேபோல ஊறவைத்து நேராகப் போட்டுவிடாதீர்கள். சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சு இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரின் மந்தமான சூட்டில் அழியாமல் போகலாம். 80 டிகிரியில் அரைகுறையாக வெந்தது பச்சை ராஜ்மாவைவிட மோசம். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவைத்த பிறகுதான் பானைக்கு மாற்ற வேண்டும். கிரேக்கர்கள் ஃபசோலாடா சூப்புக்குப் போடும் வெள்ளை பீன்ஸில் இந்த நச்சு குறைவு. இருந்தாலும் நான் அதையும் கிகான்டெஸ் என்ற பெரிய பீன்ஸையும் கொதிக்கவைத்தே போடுகிறேன். பிள்ளைகள் சாப்பிடுவது, இதில் சமரசமே கிடையாது.

சரி, இப்போது வெற்றிச் செய்தி! ஸ்டிஃபாடோ. மாட்டிறைச்சியும் முழுச் சின்ன வெங்காயமும் சேர்ந்த குழம்பு. ஒரு கிலோ கறிக்கு ஒரு கிலோ வெங்காயம், அதில் கை வைக்காதீர்கள். இத்தனை நாள் இதை நான் உங்களுக்குச் செய்து காட்டாததற்கு ஒரே காரணம் அந்த ஒரு கிலோ வெங்காயத்தை உரிப்பதுதான். வேலை முடிந்து வந்து யார் உட்கார்ந்து உரிப்பார்கள்? இப்போது வழி கிடைத்துவிட்டது. வெங்காயத்தை ஓர் அகலமான பாத்திரத்தில் போட்டு, கொதிக்கும் நீரை மூழ்கும்படி ஊற்றி, சில நிமிடம் விட்டு வடித்துவிடுங்கள். உடனே குளிர்ந்த நீர். பிறகு வால்பக்கத்தை மட்டும் நறுக்கிவிட்டு, வேர்ப்பக்கத்தைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினால் வெங்காயம் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது! தோல் கையிலேயே நிற்கிறது. கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. என் மகள் "நான் செய்கிறேன், நான் செய்கிறேன்" என்று பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் உரித்த வேகத்தைப் படம் பிடிக்காமல் போனோமே என்றுதான் இருக்கிறது. வேரை மட்டும் முழுதாக வெட்டி எடுத்துவிடாதீர்கள். வேர் கொஞ்சம் இருந்தால்தான் எட்டு மணி நேரம் வெந்தாலும் இதழ் இதழாகப் பிரியாமல் வெங்காயம் முழுதாக நிற்கும். கொதிநீர் முறையை வேறு வெங்காயத்துக்கும் சோதித்தேன். பெரிய வெங்காயத்துக்கு அவ்வளவு பலன் இல்லை, பூண்டுக்கு நல்ல பலன். பூண்டுக்கு ஒரு நிமிடமே போதும்.

உரித்த வெங்காயத்தையும் கறியையும் வாணலியில் ஆலிவ் எண்ணெய் விட்டுச் சிவக்க வறுத்துவிடுங்கள். நேரமில்லை என்று இதைத் தவிர்க்க நினைக்காதீர்கள். ஸ்லோ குக்கருக்குள் எல்லாம் ஈரத்திலேயே வேகிறது. அங்கே எதுவும் சிவக்காது, அந்த ஆழமான சுவையும் வராது. பிறகு நான்கு பல் பூண்டு, 400 கிராம் தக்காளி, நான்கு மேசைக்கரண்டி ரெட் ஒயின் வினிகர், ஒரு பட்டை, மூன்று கிராம்பு, நான்கு ஆல்ஸ்பைஸ், பே இலை. தண்ணீர் வேண்டாம். மூடிய பானையில் நீர் ஆவியாகிப் போவதில்லை, வெங்காயமும் தக்காளியும் விடும் சாறே போதும். "குழம்பு நீர்த்துப்போகிறது" என்று எழுதியவர்களுக்கு இதுதான் பதில். குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. ரெவிதாடாவுக்குக் கடலை ஊறும்போதே ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள், பழைய கடலையாக இருந்தாலும் மெத்தென்று வேகும். பானையில் போடும்முன் நன்றாக அலசிவிடுங்கள், இல்லையென்றால் சோப்புச் சுவை தட்டும்.

கிளெஃப்டிகோவைப் பற்றிச் சுருக்கமாக. ஆட்டுத் தோள்கறி, பூண்டு, எலுமிச்சை, ஒரிகானோ, தடிமனாக நறுக்கிய உருளைக்கிழங்கு. ஆட்டோமான் காலத்தில் மலைகளில் ஒளிந்திருந்த கிளெஃப்டுகள் என்ற கொள்ளையர்கள், புகை காட்டிக்கொடுத்துவிடும் என்று குழிக்குள் மூடிச் சமைத்தார்கள் என்பது கதை. இதிலும் மூடிய சூடுதான் ரகசியம். உருளைக்கிழங்கு அடியில், கறி அதற்கு மேல். கிழங்கு வகைகள் கறியைவிட மெதுவாகத்தான் வேகும், சூடும் அடியிலும் பக்கங்களிலுமே அதிகம். கடைசியில் ஓவனில் மேல்தீயில் பத்து நிமிடம் காட்டினால் மேல்புறம் முறுவலாகும். கடையில் கிடைக்கும் 'மத்தியதரைக் கடல் மூலிகைக் கலவை' பொட்டலங்கள் எனக்கு அறவே பிடிக்காது. உலர்ந்த ஒரிகானோவை உள்ளங்கையில் கசக்கிப் போடுங்கள், வேறெதுவும் வேண்டாம்.

இனி அவ்கோலெமோனோ. முட்டையும் எலுமிச்சையும் சேர்த்துக் கெட்டியாக்கும் கோழி சூப். போன முறை காட்டியபோது பலருக்கு முட்டை திரிந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். கோழித் தொடை, வெங்காயம், கேரட், பே இலை, ஒன்றரை லிட்டர் தண்ணீர், குறைந்த சூட்டில் ஆறு மணி நேரம். கறியை எடுத்துப் பிய்த்து வைத்துவிட்டு, அரிசியைப் போட்டு அதிக சூட்டில் வேகவிடுங்கள். அரிசி வெந்ததும் பாத்திரத்தை அணைத்து, மூடியைத் திறந்து பத்து நிமிடம் விடுங்கள். பலர் விட்டுவிடும் இடம் இதுதான். மண்ணாலான உட்பானை அணைத்த பிறகும் சூட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். இரண்டு முட்டையை ஒன்றரை எலுமிச்சைச் சாறோடு நுரைக்க அடித்து, சூப்பை ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று மெல்ல ஊற்றி அடித்துக்கொண்டே இருங்கள். முட்டைக்கலவை சூடு பிடித்ததும் அதைச் சூப்பில் ஊற்றிக் கலக்குங்கள். மீண்டும் பாத்திரத்தை இயக்காதீர்கள்.

இப்போது ஃபெட்டாவுக்கு வருகிறேன். 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் ஃபெட்டா என்ற பெயரைக் கிரேக்கத்துக்கே உரியதாகப் பதிவு செய்தது. குறைந்தது 70 சதவீதம் செம்மறியாட்டுப் பால், மீதி வெள்ளாட்டுப் பால், இரண்டு மாதமாவது முதிர வேண்டும். இத்தனை பக்குவமாக வந்த பாலாடைக்கட்டியை எட்டு மணி நேரம் வேகவைத்து உப்புத்தூளாக ஆக்குவதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. பரிமாறும்போது மேலே உதிர்த்துப் போடுங்கள். ஆலிவும் அப்படியே, கடைசி அரை மணி நேரம் போதும், முதலிலேயே போட்டால் குழம்பு முழுக்க உப்பாகிவிடும். தயிரும் பிரிந்துவிடும், ஆகவே ட்ஸாட்ஸிகி என்ற தயிர்ப் பச்சடி எப்போதும் தனிக் கிண்ணத்தில். பானை உங்களுக்காக வேலை செய்யட்டும். எலுமிச்சை, ஃபெட்டா, பார்ஸ்லி, ஒரு கரண்டி பச்சை ஆலிவ் எண்ணெய், இவை மட்டும் உங்கள் கைக்கு. ஐந்து நிமிட வேலைதான், ஆனால் அதில்தான் அது கிரேக்கச் சாப்பாடாகிறது.

மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள், ஒவ்வொரு முறையும் வேகும் நேரம் 20 முதல் 30 நிமிடம் வரை கூடிவிடும். மிச்சமானதை உட்பானையோடு ஃப்ரிட்ஜில் வைக்கவும் வேண்டாம். உள்ளே ஆற நேரமாகும், மறுநாள் அதைச் சூடான அடிப்பாகத்தில் வைத்தால் பானை வெடித்தும் போகும். ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து வையுங்கள்.

அடுத்த வாரம் பிரியாம் செய்யப்போகிறேன், கத்தரிக்காய், சுரைக்காய் வகைகள், தக்காளி, ஆலிவ் எண்ணெய் மட்டும் சேர்த்து. அதற்குமுன் யாராவது ஒரு கிலோ வெங்காயத்தை என் முறையில் உரித்துப் பார்த்து, எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதுங்கள். வருகிறேன்.