கறிவேப்பிலைக்குப் போட்ட சுண்ணாம்பு

வணக்கம் நேயர்களே. எண்ணூர், திருவொற்றியூர், மணலி பக்கம் வீட்டுத் தோட்டத்தில் செடி சுணங்கினால், "கொஞ்சம் சுண்ணாம்பு போட்டுப் பாருங்க" என்று யாராவது சொல்வார்கள். பழவேற்காட்டுக் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். என் அக்கா வீட்டுக் கறிவேப்பிலைக்கு அப்படிச் சொன்னது நான்தான். சில வாரத்தில் கொழுந்திலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. சுண்ணாம்பால் மண்ணில் காரத்தன்மை ஏறினால் இரும்புச் சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது.

சுண்ணாம்பு மண்ணுக்குள் என்ன செய்கிறது? ஒரு கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் எடுத்து, தோட்டத்துக் களிமண்ணைக் கலக்கி வையுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் உள்ள உப்பே மண்ணைப் படியவைத்துவிடும். சோடியம் மிகுந்த களர் மண் என்றால் மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். அதில் ஒரு சிட்டிகை நீர்த்த சுண்ணாம்பு போட்டால், மண் திரிதிரியாகத் திரண்டு அடியில் இறங்கும், மேலே தண்ணீர் தெளியும். களித்துகளில் ஒட்டியிருந்த சோடியத்தைக் கால்சியம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காருவதால், விலகி நின்ற துகள்கள் சேர்ந்துகொள்கின்றன. காற்றும் நீரும் புக வழி பிறக்கிறது.

சாலை போடுகிறவர்கள் களிமண்ணில் சுண்ணாம்பு கலப்பதும் துகள்கள் இப்படிச் சேர்வதற்காகத்தான். பிசுபிசுப்பு சில மணி நேரத்திலேயே குறையும். பிறகு மாதக்கணக்கில், மண்ணில் உள்ள சிலிக்காவோடு கால்சியம் சேர்ந்து சிமெண்ட் போல இறுகும். அதற்கு பி.எச். (அமிலம், காரம் காட்டும் அளவு; 7 நடுநிலை, அதற்குமேல் காரம், கீழே அமிலம்) 12-க்கு மேல் இருக்க வேண்டும். அந்தக் காரத்தில் எந்த வேர் பிழைக்கும்?

பி.எச். 5.5-க்குக் கீழே போன மண்ணில் அலுமினியம் கரைந்து வேரைக் கருக்கும். சுண்ணாம்பு அந்த மண்ணுக்குத்தான் மருந்து. நம் பக்கம் நிலைமை வேறு. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மேல் இறைத்து, கடல்நீர் உள்ளே வந்துவிட்டது. அந்தத் தண்ணீர் பாய்ந்த மண்ணில் சோடியம் சேரும். அதற்கும் கால்சியம் வேண்டும், ஆனால் காரத்தை ஏற்றாத கால்சியம். அது ஜிப்சம் எனும் கால்சியம் சல்பேட்டில் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 2 கிராம் கரையும். போட்ட பிறகு நல்ல தண்ணீர் பாய்ச்சி, விடுபட்ட சோடியத்தை வேருக்குக் கீழே இறக்கிவிட வேண்டும். வடிகால் இல்லாத இடத்தில் இது பலிக்காது.

எதைப் போடுவதற்கும் முன், 15 சென்டிமீட்டர் ஆழம்வரை நாலைந்து இடத்தில் மண் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோவை மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். அக்கா வீட்டுத் தொட்டி மண்ணை நான் பரிசோதித்தது செடி மஞ்சளான பிறகு.